யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகாத பழைய டெஸ்க்டாப்: எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சரிசெய்வது

பழைய டெஸ்க்டாப்பில் பென்டிரைவைச் செருகிப் பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். ஒன்று, அது பென்டிரைவைக் கண்டுகொள்ளாமல் உள்ளே இருக்கும் பழைய விண்டோஸுக்கே போகிறது. இல்லையென்றால் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. அதுவும் இல்லையென்றால் லினக்ஸ் மெனு வரைக்கும் வந்துவிட்டு, அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. மூன்றையும் ‘யூஎஸ்பி பூட் ஆகவில்லை’ என்றே சொல்கிறோம். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பலர் அதே பென்டிரைவைத் திரும்பத் திரும்ப ஃபார்மேட் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: நின்றுபோன நேரத்தில் பென்டிரைவைப் படித்துக்கொண்டிருந்தது யார்? முதலில் படிப்பது பயாஸ், அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல். அது பென்டிரைவின் முதல் 512 பைட்டை எடுத்து ஓடவிடும். அந்தத் துண்டு நிரல், இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடரை அழைக்கும். பூட்லோடருக்கு யூஎஸ்பி பற்றி ஒன்றும் தெரியாது. பயாஸிடம் கேட்டுக் கேட்டுத்தான் இயங்குதளத்தின் மையமான கெர்னலை நினைவகத்துக்குள் கொண்டுவரும். கெர்னல் எழுந்ததும் பயாஸை ஓரங்கட்டிவிட்டுத் தன் சொந்த டிரைவரைக் கொண்டு பென்டிரைவை மறுபடி முதலிலிருந்து தேடும். இப்படிக் கை மாறும் இடங்களில்தான் கோளாறு வருகிறது.

இங்கே பழைய டெஸ்க்டாப் என்று சொல்வது ஏறக்குறைய 2003 முதல் 2013 வரை வந்த பெட்டிகளை. அதில் பெரும்பாலானவை பயாஸ். கடைசி இரண்டு மூன்று வருடத்தவை யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை), அல்லது இரண்டும் கலந்தவை.

எதையும் நோண்டும் முன் ஒரு சோதனை பென்டிரைவ்

பென்டிரைவைப் பூட் ஆகும்படி எழுதித் தரும் விண்டோஸ் நிரல் ரூஃபஸ். அதில் ஃப்ரீடாஸ் (சின்ன டாஸ் இயங்குதளம்) என்று ஒரு தேர்வு இருக்கிறது. ஐஎஸ்ஓ (நிறுவும் வட்டின் முழு நகலான ஒற்றைக் கோப்பு) எதுவும் இறக்கத் தேவையில்லை, அந்த நிரலுக்குள்ளேயே இருக்கிறது. சின்னப் பென்டிரைவ் ஒன்றில் அதை எழுதி, பிரச்சினை தரும் பெட்டியில் செருகிப் பாருங்கள். டாஸ் திரை வந்துவிட்டால் போர்ட், பயாஸ், பூட் வரிசை எல்லாம் சரி. நீங்கள் தயாரித்த லினக்ஸ் அல்லது விண்டோஸ் பென்டிரைவில்தான் சிக்கல். வராவிட்டால் ஐஎஸ்ஓவைக் குறை சொல்லாதீர்கள், கோளாறு பெட்டியின் பக்கம். பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: ஃப்ரீடாஸ் பயாஸ் முறையில் மட்டுமே எழும். யூஇஎஃப்ஐ உள்ள பெட்டியில், பழைய பயாஸ் போல நடந்துகொள்ளச் செய்யும் சிஎஸ்எம் அல்லது லெகசி முறையை இயக்கிவிட்டுத்தான் இந்தச் சோதனை செல்லும்.

அந்தப் பென்டிரைவைப் பழைய பெட்டியிலேயே தயாரிப்பதாக இருந்தால், விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி ரூஃபஸ் 3.22. அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கு விண்டோஸ் 8 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

அறிகுறி: பென்டிரைவை மதிக்காமல் நேரே ஹார்ட்டிஸ்க்குக்குப் போகிறது

அடிக்கடி வருவது இதுதான். காரணமும் பெரும்பாலும் சாதாரணமானது.

முதலில் பூட் மெனுவை முயலுங்கள். பயாஸுக்குள் போய் வரிசையை மாற்றுவதைவிட இது சுலபம். பெட்டி எழும்போது டெல், லெனோவோ, ஏசர், கிகாபைட் என்றால் எஃப்12. ஏசஸ் என்றால் எஃப்8. எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் என்றால் எஃப்11. எச்பி என்றால் எஸ்கேப் அல்லது எஃப்9. லோகோ தெரிந்த பிறகு ஒருமுறை அழுத்தினால் போதாது, பவர் போட்டதிலிருந்தே விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஏசஸ் போர்டில் கொஞ்சம் தாமதித்து எஃப்8 அழுத்தினால் விண்டோஸின் சேஃப் மோடு மெனு வந்து நிற்கும். அதைப் பார்த்து இதுதான் பூட் மெனு என்று நினைத்துவிட வேண்டாம். ஏசரின் சில பெட்டிகளில் எஃப்12 மெனுவையே பயாஸுக்குள் போய் முதலில் இயக்க வேண்டும்.

மெனுவில் பென்டிரைவின் பெயர் தெரியவில்லையா? உடனே ‘இந்தப் போர்டில் யூஎஸ்பி பூட் கிடையாது’ என்று முடிவு கட்டாதீர்கள். அவார்டு, ஏஎம்ஐ நிறுவனங்களின் பழைய பயாஸ்களில் பென்டிரைவ் என்பது தனிப்பட்ட சாதனமே இல்லை. அது இன்னொரு ஹார்ட்டிஸ்க். ஆகவே பூட் வரிசைப் பட்டியலில் ‘ஹார்ட் டிஸ்க்’ என்று ஒரே ஒரு வரிதான் இருக்கும், அதற்குள்தான் பென்டிரைவ் ஒளிந்திருக்கும். அவார்டு பயாஸில் ‘அட்வான்ஸ்டு பயாஸ் ஃபீச்சர்ஸ்’ பக்கத்தில் ‘ஹார்ட் டிஸ்க் பூட் பிரையாரிட்டி’ என்ற வரியில் என்டர் தட்டினால் உள்பட்டியல் திறக்கும். அங்கே உங்கள் ஹார்ட்டிஸ்க் மேலேயும் பென்டிரைவ் கீழேயும் இருக்கும். கூட்டல் விசையாலோ பேஜ்அப் விசையாலோ பென்டிரைவை மேலே ஏற்றி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். ஏஎம்ஐயில் இதே பட்டியல் பூட் பக்கத்தில் ‘ஹார்ட் டிஸ்க் டிரைவ்ஸ்’ என்ற பெயரில் இருக்கும். முதல் பூட் சாதனமாக ‘ஹார்ட் டிஸ்க்’ இருந்து, அதற்குள் முதல் இடத்தில் பென்டிரைவ் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

இதில் ஒரு நுணுக்கம். பவர் போடும்போதே பென்டிரைவ் செருகியிருந்தால்தான் அந்த உள்பட்டியலில் பெயர் வரும். பயாஸ் திரை வந்த பிறகு செருகினால் வராது. பென்டிரைவை எடுத்துவிட்டு ஒருமுறை பூட் செய்தாலே சில பயாஸ்கள் அதன் இடத்தை மறந்துவிட்டு மறுபடி ஹார்ட்டிஸ்க்கை மேலே வைத்துவிடும். ‘நேற்று வேலை செய்தது, இன்றைக்குச் செய்யவில்லை’ என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

இன்னும் பழைய அவார்டு பயாஸ்களில் யூஎஸ்பி-எஃப்டிடி, யூஎஸ்பி-ஜிப், யூஎஸ்பி-சிடிராம், யூஎஸ்பி-எச்டிடி என்று நான்கு வரிகள் இருக்கும். இன்றைய பென்டிரைவ்களுக்கு எச்டிடிதான் சரி. அது நடக்காவிட்டால் ஜிப்பை முயலலாம். எஃப்டிடி என்பது ஃப்ளாப்பியாக நடிக்கச் சொல்வது. ஐஎஸ்ஓவிலிருந்து தயாரித்த பென்டிரைவ் அதில் எழுவது அபூர்வம்.

அப்படியும் பெயர் வரவில்லையென்றால் பயாஸில் யூஎஸ்பி பக்கத்தைப் பாருங்கள். ‘யூஎஸ்பி கன்ட்ரோலர்’, ‘லெகசி யூஎஸ்பி சப்போர்ட்’ இரண்டும் இயங்க வேண்டும். ‘ஃபாஸ்ட் பூட்’ இருந்தால் நிறுத்துங்கள். நேரம் மிச்சம் பிடிக்க அது யூஎஸ்பி சாதனங்களைத் தேடுவதையே விட்டுவிடும்.

அப்புறம் போர்ட். பெட்டியின் முன்பக்கத்துப் போர்ட் ஒரு நீளமான வயர் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது. வயர் தளர்ந்திருக்கலாம், மின்சாரம் குறைவாக வரலாம். பின்பக்கம், மதர்போர்டிலேயே பற்றவைத்த போர்ட்டில் செருகுங்கள். ஹப், நீட்டிப்பு வயர் வேண்டாம். நீலப் போர்ட்டைத் தவிருங்கள். இன்டெல் தன் சிப்செட்டுக்குள்ளேயே யூஎஸ்பி 3.0 கொண்டுவந்தது 2012இல். அதற்கு முந்தைய போர்டுகளில் நீலப் போர்ட் என்பது தனிச் சில்லு ஒன்றைச் சேர்த்து ஒட்டியது. விண்டோஸுக்குள் அது வேகமாக ஓடும், ஆனால் பயாஸுக்கு அந்தச் சில்லோடு பேசத் தெரியாமல் இருக்கலாம்.

விளக்கு வைத்த பென்டிரைவ் கையில் இருந்தால் இந்த வேலைக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பவர் போட்டதும் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தால் மின்சாரம் போகிறது என்று மட்டும்தான் பொருள். லோகோ மறையும் நேரத்தில் படபடவென்று துடித்தால் பயாஸ் உண்மையிலேயே படிக்கப் பார்க்கிறது. நீங்கள் அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள்.

அறிகுறி: பயாஸுக்குள் போக முடியவில்லை, போனாலும் மாற்றியது நிற்கவில்லை

யூஎஸ்பி கீபோர்டு லோகோ நேரத்தில் வேலை செய்யவில்லையென்றால் பழைய வட்டப்பின் கீபோர்டு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பெட்டியை அணைத்துவிட்டுத்தான் அதைச் செருக வேண்டும்.

மாற்றிய செட்டிங் அடுத்த நாளே பழையபடி ஆகிவிடுகிறது, கடிகாரமும் பல வருடம் பின்னால் போய்விடுகிறது என்றால் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றுங்கள், இதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

அறிகுறி: பென்டிரைவ் செருகினால் லோகோவிலேயே உறைந்துவிடுகிறது

எடுத்துவிட்டால் சரியாக எழுகிறது, செருகினால் நிற்கிறது. பயாஸ் அந்தப் பென்டிரைவின் கொள்ளளவையோ பகிர்வு அட்டவணையையோ பார்த்துத் திணறுகிறது. 64 ஜிபி, 128 ஜிபி பென்டிரைவை ஒதுக்கிவிட்டு 4 அல்லது 8 ஜிபி யூஎஸ்பி 2.0 பென்டிரைவை எடுங்கள். பழைய பெட்டிக்குப் பழைய பென்டிரைவ்தான் ஒத்துப்போகும். ஏஎம்ஐ பயாஸில் ‘எமுலேஷன் டைப்’ என்று ஒரு வரி இருக்கும். ‘ஆட்டோ’வில் இருந்தால் ‘ஹார்ட் டிஸ்க்’ என்று கட்டாயப்படுத்திப் பாருங்கள். பென்டிரைவ் ஜிபிடி என்ற புதிய பகிர்வு அட்டவணை முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் பழைய எம்பிஆர் முறைக்கு மாற்றி மறுபடி எழுதுங்கள்.

அறிகுறி: மினுக்கும் கோடு, அல்லது ‘ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்’

முதலில் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும்: அந்தக் கோடு யாருடையது? பென்டிரைவை எடுத்துவிட்டுப் பூட் செய்யுங்கள். அப்போதும் அதே கோடு, அதே செய்தி என்றால் பயாஸ் பென்டிரைவைத் தொடவே இல்லை, ஹார்ட்டிஸ்க்கில்தான் தடுக்கி விழுகிறது. முதலில் சொன்ன அறிகுறிக்குத் திரும்புங்கள். இன்னும் தீர்மானமான வழி, பவர் வயரைப் பிடுங்கிவிட்டு ஹார்ட்டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவைப்பது. பயாஸுக்கு வேறு போக்கிடம் இல்லாதபோது என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். தப்பித்தவறிப் பழைய தகவல்களை அழித்துவிடும் பயமும் இல்லை.

கோடு பென்டிரைவுடையதுதான் என்றால், பயாஸ் முதல் 512 பைட்டை எடுத்து ஓடவிட்டுவிட்டது. அந்த 512 பைட்டின் கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருக்க வேண்டும் என்பது பழைய உடன்பாடு. அதைப் பார்த்துத்தான் பெரும்பாலான பயாஸ்கள் ‘இது பூட் ஆகும்’ என்று ஒப்புக்கொள்கின்றன. அதற்குப் பின்தான் தவறியிருக்கிறது. நடக்கக்கூடியவை மூன்று.

பென்டிரைவ் யூஇஎஃப்ஐக்கு மட்டும் தயாரானதாக இருக்கலாம். ரூஃபஸில் பகிர்வு முறை ஜிபிடி, இலக்கு யூஇஎஃப்ஐ என்று இருந்தால் பயாஸ் பெட்டிக்கு அது உதவாது. எம்பிஆர், பயாஸ் என்று மாற்றுங்கள். ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென்டிரைவுக்குள் நகலெடுத்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. அது எந்தப் பயாஸிலும் எழாது.

இரண்டாவது, கணக்குப் பொருத்தம். பழைய பயாஸ்கள் வட்டை சிலிண்டர், ஹெட், செக்டார் என்று எண்ணிப் பழகியவை. 1024 சிலிண்டர், 255 ஹெட், 63 செக்டார், செக்டாருக்கு 512 பைட். பெருக்கினால் சுமார் 8.4 ஜிபி. அந்த முறையிலேயே படிக்கும் பயாஸால் இந்த எல்லைக்கு அப்பால் இருக்கும் கோப்பை எட்ட முடியாது. பென்டிரைவை எத்தனை ஹெட், எத்தனை செக்டார் என்று பயாஸ் ஒருவிதமாகவும் பூட்லோடர் வேறுவிதமாகவும் எண்ணினாலும் தவறான இடத்தைப் படித்துவிட்டு மௌனமாக நிற்கும். ரூஃபஸின் மேம்பட்ட தேர்வுகளில் ‘பழைய பயாஸ்களுக்கான திருத்தங்கள்’ என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்து எழுதினால் கூடுதலாக ஒரு சின்னப் பகிர்வைச் சேர்த்து இந்தக் கணக்கைச் சரிக்கட்டும். சின்னப் பென்டிரைவை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இதுதான்: 4 ஜிபிக்குள் எது எங்கே இருந்தாலும் எல்லைக்குள்தான் இருக்கும்.

மூன்றாவது, எழுதிய முறை. பல லினக்ஸ் ஐஎஸ்ஓக்களை ரூஃபஸ் ஐஎஸ்ஓ முறையிலா, டிடி முறையிலா (ஐஎஸ்ஓவை பைட் பைட்டாக அப்படியே பதிப்பது) என்று கேட்டு எழுதும். ஒன்றில் எழாதது மற்றதில் எழலாம், இரண்டையும் முயலுங்கள். ஒரே பென்டிரைவில் பல ஐஎஸ்ஓக்களைப் போட்டு மெனுவில் தேர்ந்தெடுக்க விடும் வென்டாய் வசதியானதுதான், நல்ல பெட்டிகளில் நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அடம்பிடிக்கும் பெட்டியில் அதை வைத்துப் பிரச்சினையைத் தேடாதீர்கள். நடுவில் இன்னொரு மெனு, இன்னொரு அடுக்கு. தப்பு எங்கே என்று தெரியாமல் போகும். ஒரு பென்டிரைவ், ஒரு ஐஎஸ்ஓ.

‘நோ டிஃபால்ட் ஆர் யூஐ கான்ஃபிகரேஷன் டைரக்டிவ் ஃபவுண்ட்’ என்று செய்தி வந்தால் சந்தோஷப்படலாம். பூட்லோடர் எழுந்துவிட்டது, அதற்குத் தன் மெனுக் கோப்பு மட்டும் கிடைக்கவில்லை. பென்டிரைவைத் தயாரித்த விதம்தான் கோளாறு; வேறு முறையில் எழுதினால் சரியாகும்.

அறிகுறி: மெனு வருகிறது, அதற்கு மேல் போகவில்லை

முதல் மருந்து பொறுமை. போர்ட் யூஎஸ்பி 2.0ஆக இருந்தாலும் பல பழைய பயாஸ்கள் பூட் நேரத்தில் யூஎஸ்பி 1.1 வேகத்தில்தான் படிக்கும். அது நொடிக்கு 12 மெகாபிட், கைக்குக் கிடைப்பது நொடிக்கு ஒரு எம்பி போல. கெர்னலும் அதோடு வரும் தொடக்கக் கோப்பும் சேர்ந்து 100 எம்பி என்றால் இரண்டு நிமிடம் வரை திரையில் எந்த அசைவும் இருக்காது. விளக்கு துடித்துக்கொண்டிருக்கும் வரை ரீசெட்டைத் தொடாதீர்கள். பயாஸில் ‘யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலர் மோடு’ என்று இருந்தால் ‘ஃபுல்ஸ்பீடு’ என்பதை ‘ஹைஸ்பீடு’ ஆக்குங்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: ‘ஃபுல்’ என்பதுதான் 12 மெகாபிட், ‘ஹை’ என்பது 480.

கெர்னலுக்கு எக்ஸ்86-64 ப்ராசசர் வேண்டும், இங்கே இருப்பது ஐ686 என்று ஆங்கிலத்தில் வரி வந்தால் அது கோளாறே இல்லை. 32 பிட் பெட்டியில் 64 பிட் ஐஎஸ்ஓவைப் போட்டிருக்கிறீர்கள். தொடக்க காலப் பென்டியம் 4கள் 32 பிட் மட்டுமே. கோர் 2 டுயோவிலிருந்து 64 பிட் ஓடும். உபுண்டு டெஸ்க்டாப் 17.10 முதல் 32 பிட் ஐஎஸ்ஓவை நிறுத்திவிட்டது. டெபியனில் 32 பிட் இன்ஸ்டாலர் வந்த கடைசிப் பதிப்பு 12. ஆன்டிஎக்ஸ் போன்ற எடை குறைந்த லினக்ஸ்களிலும் 32 பிட் கிடைக்கிறது.

வரிகள் ஓடி, லோகோ வர வேண்டிய இடத்தில் திரை கறுத்துவிட்டால் சந்தேகம் கிராஃபிக்ஸ் கார்டின் மேல். மெனுவில் இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்ற சொல்லை ஆங்கிலச் சின்ன எழுத்தில் சேர்த்தெழுதி எஃப்10 அழுத்துங்கள். சிஸ்லினக்ஸ் என்ற வேறு பூட்லோடரின் மெனுவாக இருந்தால் இ விசைக்குப் பதில் டேப், எழுதியதும் என்டர்.

இந்தக் கட்டத்தில் ஆளைக் குழப்புவது இன்னொன்று. கெர்னல் நன்றாக எழுந்து, வரிகள் ஓடி, திடீரென்று லைவ் ஃபைல் சிஸ்டம் உள்ள மீடியம் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் என்ற கட்டளைக் குறியில் வந்து நிற்கும். அதே பென்டிரைவிலிருந்துதானே எழுந்தாய் என்று கேட்கத் தோன்றும். ஆனால் இதுவரை படித்துக் கொடுத்தது பயாஸ். கெர்னல் இப்போது தன் டிரைவரோடு புதிதாகத் தேடுகிறது, பயாஸ் கன்ட்ரோலரை விட்டுத்தராமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பயாஸில் ‘இஎச்சிஐ ஹேண்ட்-ஆஃப்’, ‘எக்ஸ்எச்சிஐ ஹேண்ட்-ஆஃப்’ (யூஎஸ்பி கன்ட்ரோலரைக் கெர்னலிடம் ஒப்படைக்கும் தேர்வுகள்) இருந்தால் இயக்குங்கள். பென்டிரைவை வேறு பின்பக்கப் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். கெர்னல் தேடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே பென்டிரைவைப் பிடுங்கி இரண்டு நொடி விட்டுத் திரும்பச் செருகும் தந்திரமும் சில நேரம் பலிக்கும். பார்க்க அழகான வைத்தியம் இல்லைதான், ஆனால் அந்த நிமிடம் கெர்னல் அதைப் புதுச் சாதனமாக எடுத்துக்கொள்கிறது.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் மேலே சொன்ன எதுவும் இல்லை. ஐஎஸ்ஓவின் ஷா256 எண்ணை (கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வெளியீட்டாளர் தந்த எண்ணோடு ஒப்பிடுங்கள், அது சரியென்றால் மெம்டெஸ்ட்86+ போட்டு ரேமைச் சோதியுங்கள்.

அறிகுறி: விண்டோஸ் இன்ஸ்டாலர் வந்துவிட்டு, டிரைவர் இல்லை என்கிறது

விண்டோஸ் 7 இன்ஸ்டாலரில் யூஎஸ்பி 3.0க்கான டிரைவர் கிடையாது. சிடி, டிவிடி டிரைவர் இல்லை என்று அது சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நீலப் போர்ட்டிலிருந்து எடுத்துக் கறுப்புப் போர்ட்டில் செருகி ஆரம்பத்திலிருந்து தொடங்குங்கள்.

வட்டில் எம்பிஆர் அட்டவணை இருப்பதால் நிறுவ முடியாது என்று சொன்னால் நீங்கள் பென்டிரைவை யூஇஎஃப்ஐ முறையில் எழுப்பியிருக்கிறீர்கள். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இருமுறை தெரியும். ‘யூஇஎஃப்ஐ’ என்ற முன்னொட்டு இல்லாத வரியைத் தேர்ந்தெடுங்கள். இதற்காக வட்டை ஜிபிடிக்கு மாற்றக் கிளம்பினால் அதில் இருப்பது எல்லாம் போய்விடும்.

எதற்கும் மசியாத போர்டு

சில போர்டுகளின் பயாஸில் யூஎஸ்பி பூட் உண்மையிலேயே கிடையாது. அதற்காகப் பயாஸ் அப்டேட்டில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடுவில் மின்சாரம் போனால் இருக்கும் போர்டும் போய்விடும், புதுப் பதிப்பில் யூஎஸ்பி பூட் வரும் என்ற உத்தரவாதமும் இல்லை.

சிடி டிரைவ் இருந்தால் பிளாப் பூட் மேனேஜர் என்ற சின்ன நிரலைச் சிடியில் எரித்துக்கொள்ளுங்கள். அதற்குள் சொந்த யூஎஸ்பி டிரைவர் இருக்கிறது. சிடியிலிருந்து அது எழுந்து, மெனுவில் யூஎஸ்பியைத் தேர்ந்தெடுத்தால், பயாஸ் செய்ய மறுத்த வேலையை அதுவே செய்யும். டிவிடி டிரைவ் நல்ல நிலையில் இருந்தால் இந்தச் சுற்றுவழியும் வேண்டாம். ஐஎஸ்ஓவை டிவிடியிலேயே எரித்துவிடலாம்.

சிடி டிரைவும் இல்லையென்றால் ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, பயாஸ் முறையிலேயே லினக்ஸை நிறுவி, திரும்பக் கொண்டுவந்து பொருத்துங்கள். அந்தக் கணினியின் சொந்த வட்டை முதலில் கழற்றிவிடுவது நல்லது. லினக்ஸ் இந்த இடமாற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது, விண்டோஸ் எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: எல்லாம் நிறுவியாகிவிட்டது, பென்டிரைவை எடுத்தால் பூட் ஆகவில்லை

பூட் வரிசையில் பென்டிரைவை முதல் ஹார்ட்டிஸ்க்காக ஏற்றினோம் அல்லவா, அதன் பக்கவிளைவு இது. இன்ஸ்டாலர் அதையே முதல் வட்டு என்று எண்ணி, லினக்ஸின் பூட்லோடரான கிரப்பைப் பென்டிரைவிலேயே எழுதிவிட்டது. லைவ் பென்டிரைவிலிருந்து மறுபடி எழுந்து, கிரப்பை ஹார்ட்டிஸ்க்கின் எம்பிஆரில் நிறுவுங்கள். நிறுவும் முன் வட்டுகளின் கொள்ளளவைப் பார்த்து எது பென்டிரைவ், எது ஹார்ட்டிஸ்க் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்; எழுத்து வரிசையை நம்ப வேண்டாம். விண்டோஸ் நிறுவும்போது முதல் ரீஸ்டார்ட்டில் மறுபடி முதல் திரையே வருகிறது என்றால் காரணம் இன்னும் எளிது: பயாஸ் மீண்டும் பென்டிரைவிலிருந்தே எழுகிறது. அந்த நேரத்தில் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு, வரிசையில் ஹார்ட்டிஸ்க்கை மேலே ஏற்றிவிடுங்கள்.